‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது’: வீட்டில் குழந்தையும் பெரிய நாயும்... பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

நாய் வளர்க்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு வாக்கியம் காதில் விழும்: “பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது.” சொல்பவர் பொய் சொல்வதில்லை. அந்த நாய் அதுவரை யாரையும் எதுவும் செய்திருக்காது. ஆனால் அது பெரியவர்களோடு பழகிய நாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் 40 கிலோ நாயின் கழுத்தை மூன்று வயதுக் குழந்தை பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு இந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

சென்னையில் 2024 மே 5 அன்று, ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அந்தச் சிறுமி. தலையில் பலத்த காயம். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பெரிய நாய்களை வளர்ப்பது பற்றி தமிழ்நாடு முழுக்க விவாதம் கிளம்பியது.

அந்தச் சம்பவத்தில் பெற்றோரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. குழந்தை தான் வசிக்கும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. நாய்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியவர் அவற்றை அழைத்துவந்தவர்தான். ஆனால், செய்தியாகும் இத்தகைய தாக்குதல்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன. சிறு குழந்தைகள் நாய்க்கடிக்கு ஆளாவது பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: மிகச் சிறிய குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய். சொந்த வீட்டு நாய், தாத்தா வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். அதுவும் வீட்டுக்குள், வழக்கமான ஒரு நாளில்.

அப்படியான இடத்தில் ‘தப்பு நாய் வளர்த்தவர் மேலயா, குழந்தையைப் பார்த்துக்காதவங்க மேலயா?’ என்ற கேள்விக்கே வேலை இல்லை. இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

பெரிய நாய் என்றால் என்ன வித்தியாசம்?

சிறிய நாயும் கடிக்கும். பொமரேனியனோ பக் நாயோ ஒரே நாளில் பலமுறைகூட பல்லைப் பதிக்கலாம். ஆனால் காயத்தின் அளவைத் தீர்மானிப்பது எடையும் தாடையும்தான்.

வளர்ந்த ஆண் ராட்வீலர் சுமார் 50 கிலோ இருக்கும். லேப்ரடார் 30 கிலோவைத் தாண்டும். கிரேட் டேன் ஆண் நாயின் தோள்பட்டை உயரமே 80 சென்டிமீட்டருக்கு மேல். இவற்றின் பக்கத்தில் குழந்தையை வைத்துப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி எடை 12 கிலோ, உயரம் 86 முதல் 88 சென்டிமீட்டர். நான்கு வயதில் 16 கிலோ. அதாவது, ஒரு ராட்வீலர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறது.

கடிக்க வேண்டும் என்றே இல்லை. வாலை வேகமாக ஆட்டினாலோ, சந்தோஷத்தில் மேலே தாவினாலோ குழந்தை விழுந்து மண்டை உடைய வாய்ப்புண்டு. ‘ரொம்ப பாசமான நாய்’ என்று பெயர் எடுத்த லேப்ரடார்கள் இருக்கும் வீடுகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது. ராஜபாளையம், கோம்பை போன்ற நம் ஊர் நாய்களுக்கும் இது பொருந்தும். காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட அந்த இனங்கள் வலுவானவை, வேகமானவை.

அடுத்தது உயரம். பெரியவர்களைக் கடிக்கும்போது நாயின் பல் பெரும்பாலும் கையிலோ காலிலோ படும். தவழும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் முகம் பெரிய நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. சிறு குழந்தைகளின் நாய்க்கடிக் காயங்களில் முகம், தலை, கழுத்து ஆகியவை அதிகம் இடம்பெறக் காரணம் இதுதான்.

குழந்தைக்கு நாய் ‘பேசுவது’ புரியுமா?

புரியாது. இதை நிரூபிக்க ஆய்வே நடந்திருக்கிறது. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் தலைமையிலான குழு, 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கும் பெற்றோர்களுக்கும் நாய்களின் பல்வேறு சைகைகளைக் காட்டி, அந்த நாய் எப்படி உணர்கிறது என்று கேட்டது. 2018-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு கவலை தருவது. பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து ‘அது சிரிக்குது, சந்தோஷமா இருக்கு’ என்று நினைத்த சிறு குழந்தைகள் பலர். வயது குறையக் குறைய தவறு கூடியது. பெற்றோர்களும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. பயிற்சி கொடுத்த பிறகு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சின்னக் குழந்தைகளிடம் அதற்கும் ஓர் எல்லை இருந்தது.

இதன் அர்த்தம் எளிது. மனிதர்களுக்குப் பல் தெரிந்தால் சிரிப்பு. நாய்க்குப் பல் தெரிந்தால் எச்சரிக்கை. மூன்று வயதுக் குழந்தை தனக்குத் தெரிந்த அகராதியை வைத்துத்தான் நாயைப் படிக்கும். எச்சரிக்கையைச் சிரிப்பாகப் படித்தால், விலகிப்போக வேண்டிய நேரத்தில் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோகும்.

போதாக்குறைக்கு, குழந்தைகள் இயல்பாகச் செய்யும் பலவும் நாய்க்குத் தொந்தரவு. திடீரென்று கத்துவது, ஓடுவது, காதைப் பிடித்து இழுப்பது, வாலை மிதிப்பது, மேலே ஏறி உட்காருவது, கட்டிப்பிடிப்பது. கட்டிப்பிடித்தல் நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது நகர முடியாமல் மாட்டிக்கொண்ட நிலை.

‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்பது உண்மையா?

பெரும்பாலும் இல்லை. நாய் முதலில் சின்னச் சின்ன சைகைகளால் ‘எனக்குப் பிடிக்கலை, தள்ளிப் போ’ என்று சொல்லிப் பார்க்கும். யாரும் கவனிக்காவிட்டால் அடுத்த படிக்குப் போகும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து விளக்கினார். ஏணியின் கடைசிப் படிதான் கடி.

கீழ்ப்படிகள் எப்படி இருக்கும்?

• பசியோ தூக்கமோ இல்லாதபோதும் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது

• முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளைப் பகுதி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது

• எழுந்து வேறு இடத்துக்குப் போவது

• காதைப் பின்னுக்கு மடித்து, வாலை ஒடுக்கி, உடலைக் குறுக்குவது

• உடல் விறைத்து அப்படியே நிற்பது, வெறித்துப் பார்ப்பது

• உறுமுவது, காற்றில் கடிப்பது

சமூக வலைதளங்களில் ‘சோ க்யூட்’ என்று பகிரப்படும் வீடியோக்களில் பலவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தை நாயின் மேல் சாய்ந்து படுத்திருக்கும். நாய் முகத்தைத் திருப்பி, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது பொறுமை. நாய்க்கு அது ‘இவளைக் கொஞ்சம் எடுங்களேன்’ என்ற வேண்டுகோள்.

இங்கே பல வீடுகளில் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்த்து உறுமியதற்காக நாயை அடிப்பது. அடிபட்ட நாய் குழந்தையை நேசிக்கக் கற்றுக்கொள்ளாது. உறுமக் கூடாது என்று மட்டும்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எச்சரிக்கைப் படியைத் தாண்டி நேராகக் கடிக்கு வரும். உறுமல் என்பது அபாய மணி. மணியை உடைப்பதால் தீ அணைந்துவிடாது. உறுமல் கேட்டவுடன் குழந்தையை அமைதியாகத் தூக்கிக்கொண்டு விலகுவதும், எதற்காக உறுமியது என்று யோசிப்பதும்தான் சரியான வழி.

சாதுவான நாய் திடீரென்று எரிச்சலாக மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரிய இன நாய்களுக்கு வயதானால் இடுப்பு, மூட்டு வலி வருவது சகஜம். காதில் புண் இருக்கலாம், கண் மங்கியிருக்கலாம். வலிக்கும் இடத்தில் குழந்தையின் கை பட்டால் எவ்வளவு நல்ல நாயும் திரும்பும்.

‘நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்?’

நாயையும் சின்னக் குழந்தையையும் தனியாக விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. ஆனால் ‘தனியாக விடாமல் இருப்பது’ என்றால் என்ன என்பதில்தான் குழப்பம்.

ஹாலில் லேப்டாப்போடு மீட்டிங்கில் இருக்கும் அப்பா, குழந்தையைத் தனியாக விட்டதாக நினைக்க மாட்டார். சமையலறையில் இருந்தபடி காதை ஹாலில் வைத்திருக்கும் பாட்டியும் அப்படித்தான். ஆனால் கடி என்பது ஒரு நொடி வேலை. ஐந்து அடி தள்ளி உட்கார்ந்து, கண் ஸ்க்ரீனில் இருந்தால், நடந்த பிறகு பார்த்த சாட்சியாகத்தான் இருக்க முடியும். தடுப்பவராக இருக்க முடியாது.

கண்காணிப்பு என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். கை எட்டும் தூரம். நாய் மீதும் குழந்தை மீதும் கண். நாயின் சைகைகளைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர். இதில் ஒன்று குறைந்தாலும் குழந்தையும் நாயும் வேறு வேறு இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு.

நாள் முழுக்க இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. எனவேதான் கண்ணைவிடக் கதவு நம்பகமானது. இதற்கு எளிய விதி ஒன்று இருக்கிறது: பெரியவர் அறையை விட்டு எழுந்தால், குழந்தையோ நாயோ ஒன்று அவரோடு கூடவே எழுந்து வர வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும், கூரியர் வாங்க வாசலுக்குப் போனாலும் இதேதான். குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை அறை வாசலில் பொருத்திவிட்டால் வேலை இன்னும் சுலபம். நாய்க்கும் வீட்டைப் பார்த்தபடி இருக்க முடியும், குழந்தைக்கும் தடையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், பொறுப்பாளர் யார் என்பது. கூட்டுக் குடும்பத்திலும், விருந்தினர் வந்த வீட்டிலும், ஆள் நிறைய இருப்பதே ஆபத்தாகிவிடுகிறது. அம்மா பார்க்கிறாள் என்று சித்தி நினைப்பார், சித்தி பார்க்கிறார் என்று அம்மா நினைப்பார். ‘இப்போ நான் பார்த்துக்கறேன்’, ‘சரி, இனி நீ பார்த்துக்கோ’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுவது விபத்தைத் தவிர்க்கும். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் குழந்தையை விடும்போது எப்படி இருப்போமோ அப்படி. வேலைக்கு வரும் அக்காவிடமோ, பதின்வயது அண்ணனிடமோ ‘நாயையும் பாப்பாவையும் பார்த்துக்கோ’ என்று சேர்த்து ஒப்படைப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

எந்த வயதில் என்ன கவனம்?

பிறந்தது முதல் 6 மாதம் வரை: நாய்க்குக் குழந்தை ஒரு புதிய மணம், புதிய சத்தம். தொட்டிலும் தூளியும் இருக்கும் அறைக்குள் நாய் தனியாக நுழைய முடியாதபடி கதவு இருக்க வேண்டும். குழந்தை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே நாயின் தூங்கும் இடம், நடைப்பயிற்சி நேரம் போன்றவற்றை மாற்றிப் பழக்கிவிடுவது நல்லது. குழந்தை வந்த நாளில்தான் நாய்க்கு எல்லாம் மாறியது என்று ஆகிவிடக் கூடாது.

தவழும் பருவம் முதல் 2 வயது வரை: ஆபத்து கூடும் காலம். அதுவரை ஒரே இடத்தில் இருந்த குழந்தை, இப்போது நாயின் தட்டையும் படுக்கையையும் தேடிப் போகிறது. நாயின் சாப்பாட்டு நேரம் மூடிய கதவுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். எலும்பு, பொம்மை எதையும் தரையில் விட்டுவைக்கக் கூடாது.

2 முதல் 4 வயது: சொன்னது புரியும், ஆனால் நினைவில் நிற்காது. ‘எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேட்டாத்தானே’ என்று குழந்தையைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த வயதின் மூளை அப்படித்தான். விதியைக் கற்றுக்கொடுக்கலாம்; விதியை நம்பித் தனியாக விட முடியாது.

5 வயதுக்கு மேல்: பாடம் ஏறத் தொடங்கும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகிய மூன்றின் பக்கமும் போகக் கூடாது. தெரியாத நாயை, உரிமையாளரையும் தன் பெற்றோரையும் கேட்காமல் தொடக் கூடாது. நாய் ஓடி வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி, தரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கனடாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு இதை ‘மரம் மாதிரி நில்லு’ என்ற விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கி, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிச் சுருண்டுகொள்ள வேண்டும்.

தானாக வந்து ஒட்டும் நாயைத் தடவலாம், விலகிப்போகும் நாயைத் துரத்தக் கூடாது. குழந்தைக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான்.

உறவினர் வீட்டில் எப்படிக் கேட்பது?

நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். மாமா வீட்டுக்குப் போகிறோம். வாசலில் ஜெர்மன் ஷெப்பர்ட். ‘நாயைக் கொஞ்சம் உள்ள போடறீங்களா?’ என்று கேட்கத் தயக்கம். கேட்டால் அவர்கள் தப்பாக நினைப்பார்களோ, ‘என்னமோ எங்க நாய் கடிக்கிற மாதிரி பேசறாளே’ என்று முகம் சுளிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

போனிலேயே கேட்டுவிடுவது இந்தச் சங்கடத்தைக் குறைக்கும். “அத்தை, நாளைக்கு வர்றோம். பாப்பா எல்லாத்தையும் இழுப்பா, டாமிக்குத் தொந்தரவா இருக்கும். நாங்க இருக்கிற வரைக்கும் அதை மாடி ரூம்ல வச்சுக்கலாமா?” என்று நாயின் பக்கம் நின்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது. உண்மையும் அதுதான். புது ஆட்களும் குழந்தைகளின் சத்தமும் நிறைந்த வீட்டில் நாய்க்கும் தனி அறைதான் நிம்மதி.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். விருந்தினரோடு குழந்தை வருகிறது என்று தெரிந்தால், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நாயை முன்கூட்டியே தனி அறையில் விடுவதுதான் மரியாதை.

‘கட்டிதான் போட்டிருக்கோம்’ என்பதும் முழுப் பதில் அல்ல. சங்கிலியின் நீளம் வரை நாயின் ராஜ்ஜியம். விளையாடும் குழந்தைக்கு அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. கட்டப்பட்ட நாய்க்கு விலகிப்போக வழியில்லை என்பதால், மிரண்டால் அதற்குத் தெரிந்த ஒரே வழி கடிப்பதுதான். அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில், கடித்த நாய்களிடையே ஆண் நாய்கள், கருத்தடை செய்யாதவை, வளாகத்தில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டவை அதிகம் இருந்தது தெரியவந்தது. சங்கிலி வேறு, பூட்டிய கதவு வேறு.

அபார்ட்மென்ட் லிப்ட் இன்னொரு இடம். நான்குக்கு நான்கு அடிப் பெட்டிக்குள் பெரிய நாயும் ஸ்ட்ரோலரும் ஒன்றாகப் போக வேண்டியதில்லை. அடுத்த லிப்டுக்குக் காத்திருப்பதால் யாருடைய கௌரவமும் குறைவதில்லை. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே தடை போட முடியாது, நாயை லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்கள். எனவே அக்கம்பக்கத்தினர் பேசிவைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

சில இனங்களைத் தடை செய்தால் போதுமா?

மத்திய அரசு 2024 மார்ச் 12 அன்று, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறி அதை கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. ஆயிரம் விளக்கு சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசின் கால்நடைத் துறையும் 23 இனங்களுக்குத் தடை என அறிவித்து, உடனே திரும்பப் பெற்றது.

இனத் தடையை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது: கடித்தால் உயிர் போகும் அளவுக்கு பலம் கொண்ட நாயை நெரிசலான நகரத்தில் எதற்கு அனுமதிக்க வேண்டும்? எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: பட்டியலில் இல்லாத நாய்களும் கடிக்கின்றன, வளர்ப்பு முறைதான் முக்கியம். இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், வீட்டுக்குள் இருக்கும் குழந்தையின் நிலைமை மாறப்போவதில்லை. லேப்ரடார் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. அதன் தட்டில் கை வைக்கும் குழந்தைக்குக் கதவு தேவைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு இதைப் பற்றியது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் ஏற்படவோ வாய்ப்பிருந்தும், அதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கத் தெரிந்தே தவறினாலோ, அலட்சியமாக விட்டாலோ 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான 289-வது பிரிவில் அபராத உச்சவரம்பு 1,000 ரூபாயாக இருந்தது.

கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவு தெரு, பூங்கா என்று இடத்தைக் குறிப்பிடவில்லை. ‘என் வீட்டுக்குள்ள நடந்தது’ என்பது தானாகவே விலக்கு ஆகிவிடாது. பிரிட்டனில் இது இன்னும் தெளிவு. அபாயகரமான நாய்கள் சட்டம் 1991-ல் வந்தபோது பொது இடங்களையே முக்கியமாகக் கருத்தில் கொண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ல் கொண்டுவந்த திருத்தத்தால், சொந்த வீட்டுக்குள் நாய் கட்டுப்பாடு இழந்து ஒருவரைத் தாக்கினாலும் உரிமையாளர் மீது வழக்குத் தொடரலாம். உயிரிழப்பு நேர்ந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை. 

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். பொது இடத்துக்கு அழைத்து வரும்போது கயிறும் வாய்மூடியும் அவசியம்.

கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

நாயை உடனே வேறு அறையில் அடையுங்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே நீண்ட நேரமாகத் தோன்றும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது.

‘நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கே’ என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். நாயை 10 நாட்கள் கவனிக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. முகத்திலோ தலையிலோ கடி என்றால் அது அவசர சிகிச்சை, உடனே பெரிய மருத்துவமனை. டெட்டனஸ் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பயம். இந்தியாவில் பதிவாகும் ரேபிஸ் பாதிப்பு, மரணங்களில் 30 முதல் 60 சதவீதம் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு ஏற்படும் கடி பல நேரங்களில் வெளியே தெரியாமலே போவது இதற்கு ஒரு காரணம். நாயைச் சீண்டியதற்குத் திட்டு விழும் என்று பயந்து, சின்னக் கீறலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ‘நாய் கீறினாலோ கடிச்சாலோ உடனே என்கிட்ட சொல்லு, திட்டவே மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும், அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதும் ஊசிக்குச் சமமான பாதுகாப்பு.

இன்றே செய்யக்கூடியவை

நாயோடு வளர்வது குழந்தைக்குக் கிடைக்கும் நல்ல அனுபவங்களில் ஒன்று. அதைப் பறிக்கச் சொல்வதல்ல இந்தக் கவனம். நாய்க்குக் குழந்தை நுழையாத ஒரு மூலை, குழந்தைக்கு நாய் நுழையாத ஒரு அறை, சாப்பாட்டு நேரத்தில் மூடிய ஒரு கதவு, இந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் குறித்த ஒரு பெரியவர். இந்த நான்குக்கும் ஆகும் செலவு, ஒரு தடுப்புக் கதவின் விலையைத் தாண்டாது.

கடி விழுந்தால் குழந்தைக்கு வாழ்நாள் தழும்பு. நாய்க்கு அந்த வீட்டில் இடமே போய்விடும். நிலைமையைப் புரிந்துகொள்ளும் வயது குழந்தைக்கு இல்லை, வாய்விட்டுச் சொல்லும் மொழி நாய்க்கு இல்லை. இருவருக்கும் சேர்த்து யோசிக்க முடிந்தவர் அந்த வீட்டின் பெரியவர் மட்டுமே.